கவிதையில் இல்லாத நாற்காலி

அந்தக் கைடின் அட்டையில் 'அனுபவமிக்க பேராசிரியர் குழு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். குழுவாவது கிழுவாவது. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், ஆறிப்போன டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற ஒரே ஒரு பெண்பிள்ளைதான் அந்தக் குழு. தலைவரும் அவளே, உறுப்பினரும் அவளே, கூட்டம் கலைந்தபிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பவளும் அவளே. பதிப்பகத்துக்காரர் ஒருநாள் போனில் விளையாட்டாகக் 'குழு அம்மா' என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

குழு அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதை என்ற பாடத்துக்கு அவள் எழுதிய கைடுதான் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. படிமம் என்ன, தொனி என்ன, கட்டற்ற நடை எப்படி என்று ஒவ்வொரு கவிதைக்கும் ஒன்றரைப் பக்கம். பிள்ளைகள் அதை உருப்போட்டு எழுதுவார்கள், பாஸ் ஆவார்கள், மறுநாளே மறந்துவிடுவார்கள். கவிதையைப் படிக்கிற வம்பெல்லாம் யாருக்கும் கிடையாது.

ஒருத்தர் மட்டும் படித்தார். அவள் வீட்டுக்காரர். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவர். குழு அம்மா எழுதி முடித்த பக்கங்களை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போவார். அங்கே ஒரு மர நாற்காலி, வலது கை கொஞ்சம் ஆடும். அதைத் தெருப்பக்கம் பாதி திருப்பிப் போட்டுக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகியபடி, ஒரு தொடைமேல் கவிதைப் புத்தகம், இன்னொரு தொடைமேல் அவள் தாள் என்று ஒத்துப் பார்ப்பார். கவிதை என்றால் அவருக்கு வேப்பங்காய். ஆனால் இல்லாததை எழுதினால் மனுஷனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நிலா என்கிறாயே, எந்த வரி? பறவை என்கிறாயே, எந்த வரி? காட்டு. அத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த 'எந்த வரி' மட்டும் எத்தனை ஆயிரம் தடவை வந்திருக்குமோ. குழு அம்மாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். சில நாள் வேண்டுமென்றே ஒரு பொய் மேகத்தை நடுவில் செருகி வைப்பாள், அவர் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று. கண்டுபிடித்துவிடுவார், பாவி மனுஷன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், பிறகு இல்லை.

கல்லூரி இருந்தவரை வகுப்பிலாவது பேசினாள். ஓய்வு பெற்றபிறகு வருஷத்தில் முந்நூற்றைம்பத்துமூன்று நாள் குழு அம்மாவுக்கு வாய் என்ற உறுப்பே தேவைப்படவில்லை. தம்பி ஒருத்தன் வெளியூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி 'எப்படிக்கா இருக்கே' என்பான், 'நல்லா இருக்கேன்டா' என்பாள், மழை உண்டா இல்லையா என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொள்வார்கள், முடிந்தது. குக்கர் விசில் அடித்தால் 'வரேன் வரேன், கத்தாதே' என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள். ஒருதரம் பால் போடுபவர் கதவைத் தட்டி ஏதோ கேட்டபோது, மூன்று நாளாகப் பேசாத தொண்டை சட்டென்று திறக்காமல் கரகரத்தது. ஜலதோஷமா அம்மா என்று கேட்டார் அவர். ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

மிச்சம் இருக்கிற பன்னிரண்டு நாள்தான் விடைத்தாள் திருத்தும் முகாம். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அந்த முகாமென்றால் அவளுக்கு ஆகாது. தலைவலி, கால்வலி என்று ஏதாவது சாக்கு வைத்துத் தப்பித்துவிடுவாள். இப்போது என்னவென்றால் கடிதம் வருகிற வாரத்தில் தபால் பெட்டியை நாளைக்கு மூன்று தரம் போய்த் திறந்து பார்க்கிறாள். ஓய்வு பெற்றவர்களையும் அறுபத்தைந்து வயதுவரை கூப்பிடுவார்கள். இன்னும் நாலு வருஷம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

முகாமில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பெரிய பரீட்சை ஹால், கிறீச்சிடும் மின்விசிறிகள், கட்டுக் கட்டாக விடைத்தாள்கள், தாளைவிட மெல்லிய டீ. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு. அடுக்கு மேடம் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு விரிவுரையாளர், நாலடுக்கு டப்பாவோடு வருபவள், பன்னிரண்டு மணிக்கே டீ குடிக்கிற சாக்கில் அங்கே போய்த் தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வருவாள். வேறு யாராவது அதில் உட்காரப் போனால், அது அக்கா இடம், அக்கா வருவாங்க என்று விரட்டிவிடுவாள். ஏழு வருஷமாக இதுதான். சாப்பிட்டுக்கொண்டே மாமியாரைப் பற்றிப் புலம்புவாள், முகாமை நடத்துகிற சீஃபின் வழுக்கையைக் கிண்டல் பண்ணுவாள், அக்கா இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு என்று தட்டில் தள்ளுவாள். ஒரு ஆள் தனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்ற ஒன்றுக்காகவே குழு அம்மா மீதி வருஷத்தை ஓட்டினாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கைடு எழுதுகிறவர்கள் விடைத்தாள் திருத்தக்கூடாது என்பது சட்டம். முகாமின் முதல் நாளே, நான் கைடு எதுவும் எழுதியதில்லை என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் பட்டியலில் பெயர் இருக்காது. குழு அம்மா ஏழு வருஷமும் போட்டாள். கை கூசாமல் போட்டாள் என்று சொல்லமாட்டேன். கூசியது, போட்டாள்.

இந்த வருஷம் நாலாம் நாள் காலையில் அவளிடம் அந்த விடைத்தாள் வந்தது.

அங்கே ஒரு விடைத்தாளை இரண்டு பேர் திருத்துவார்கள். முதல் ஆளுக்குச் சிவப்புப் பேனா, இரண்டாம் ஆளுக்குப் பச்சை. தாளில் எழுதியவர் பெயர் இருக்காது, ஒரு டம்மி நம்பர்தான். தாளின்மேல் மார்க்கையும் டிக்கையும் தவிர ஒரு எழுத்து எழுதக்கூடாது. பூஜ்யம் போட்டால் மட்டும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். குழு அம்மாவுக்கு முதல் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோடாபுட்டி சார். கண்ணாடி அத்தனை கனம். நல்ல மனிதர்தான், ஆனால் விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதை விட்டு இம்மி நகரமாட்டார். அவர் அந்தத் தாளில் பத்து மார்க் கேள்விக்குப் படிமத்துக்கு நாலுக்குப் பூஜ்யம், தொனிக்கு நாலுக்கு ஒன்று, கட்டற்ற நடைக்கு இரண்டுக்கு ஒன்று போட்டிருந்தார். பூஜ்யத்துக்குக் காரணம்: கவிதையைப் படிக்கவில்லை.

கேள்வி ஒரு பழைய கவிதையைப் பற்றியது. குளிர்காலம், உறைந்துபோன ஏரி. ஒரு மனிதன் இடுப்பில் கயிறு கட்டி, சறுக்குப் பலகையில் ஒரு இரும்பு அடுப்பை இழுத்துக்கொண்டு அக்கரைக்கு நடக்கிறான். அக்கரையில் ஒரு வீடு, அதற்கு ஒரு ஜன்னல். அவ்வளவுதான் விஷயம். முப்பத்திரண்டு வரி, எதுகை கிடையாது, தாளம் கிடையாது. விடைக்குறிப்பு தயாரித்த மகானுபாவர் யாரோ, குழு அம்மாவின் கைடை விரித்து வைத்து ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்: 'ஜன்னலோரம் பாதி திரும்பிக் கிடக்கும் காலி நாற்காலியே மையப் படிமம். காத்திருப்பதில் தொடங்கும் தொனி, இனி யாரும் வரப்போவதில்லை என்ற தெளிவில் முடிகிறது. நாற்காலி வரும் இடத்தில் வரிகள் குறுகுகின்றன, பேச மூச்சில்லாதவர் பேசுவதுபோல.' முதல் நாள் அதைப் படித்தபோது குழு அம்மாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று நாளாக அந்த நாற்காலிக்கு மார்க் போட்டுப் போட்டுக் கை வலித்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நூற்றுக்கணக்கான நாற்காலிகள்.

இந்தத் தாள் வேறு மாதிரி ஆரம்பித்தது.

'நான் வாங்கிய கைடில் ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி இருப்பதாகப் போட்டிருக்கிறது. கவிதையை நான்கு முறை படித்தேன். ஜன்னல் இருக்கிறது. நாற்காலி எந்த வரியிலும் இல்லை.'

குழு அம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பொடிப்பயலோ பொடிப்பெண்ணோ, இருபது வருஷக் கைடுக்கே வாத்தியாரா? மேலே படித்தாள்.

இந்தக் கவிதையில் படிமங்கள் கண்ணுக்கு அல்ல, காதுக்கு என்று எழுதியிருந்தது. அடுப்பின் கதவு ஆடி ஆடி இடிக்கிற சத்தம். பனிக்கட்டி அடியில் முனகுகிற சத்தம். சுற்றிலும் பார்க்க ஒன்றுமே இல்லை, எல்லாம் வெள்ளை, அதனால்தான் காது விழித்துக்கொள்கிறதாம். தொனி சோகம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவன் வழிநெடுக அடுப்போடு பேசிக்கொண்டே வருகிறான், தனியாக இருப்பவர்கள் பாத்திரம் பண்டத்தோடு பேசுவார்கள், அது அழுகை இல்லை, துணை. கட்டற்ற நடைக்கு வந்தபோது எழுத்து கோணல் மாணலாக ஓடியது, நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. எதுகை இருந்தால் அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பனிக்கட்டிமேல் நடப்பவனுக்கு அது தெரியாது. நடக்கும்போது வரி நீளம், விரிசல் சத்தம் கேட்டு அவன் நிற்கிற இடத்தில் வரியும் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது.

குழு அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். குக்கரோடு பேசுகிறவளுக்கு அந்த நடுவரி எங்கே போய்த் தைத்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இருந்தாலும் நாற்காலி விஷயத்தில் அவளுக்கு விட மனசில்லை. பாடப் புத்தகம் ஹாலுக்குள் கூடாது, போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். காப்பி அடித்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் காப்பி அடித்துவிடுவார்களோ என்ற பயம் போலும். ஆனால் அந்தக் கவிதை அவளுக்கு மனப்பாடம், பதினெட்டு வருஷம் வகுப்பில் நடத்தியது. உதட்டை அசைக்காமல் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, மேசைமேல் விரலால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனாள். ஏரி. கயிறு. அடுப்பு. அடுப்பின் கதவு. இருபத்தெட்டாவது தட்டில் ஜன்னல் வந்தது. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. கவிதை முடிந்துவிட்டது.

இன்னொரு தரம் தட்டினாள். நாற்காலி இல்லை. எந்த வரியிலும் இல்லை.

அப்படியானால் அது எப்படி வந்தது? அது அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஏழாவது நாள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். பட்டப்பகல், ஜன்னலில் வெயில். பதிப்பகத்துக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கைடைத் திருத்தி எழுதிய புதுப் பதிப்பு அச்சுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு கவிதைதான் பாக்கி, கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா என்று கையைப் பிசைந்தார். அவரை நிற்க வைத்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்தாள். கவிதைப் புத்தகம் எங்கே கிடந்ததோ, தேட நேரமில்லை. எதிரே வீட்டுக்காரரின் நாற்காலி, கடைசியாக எழுந்துபோனபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே தெருவைப் பார்த்துப் பாதி திரும்பிக் கிடந்தது. கை தானாக எழுதிக்கொண்டு போனது. ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம். அவள் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று பதிப்பகத்துக்காரர் பிற்பாடு சொன்னார். அந்தக் கைடில் வீட்டுக்காரர் ஒத்துப் பார்க்காமல் அச்சுக்குப் போன ஒரே பக்கமும் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது, அந்தப் பக்கத்தை மட்டும் அவள் திறந்ததே இல்லை.

இப்போது ஏழு வருஷம் கழித்து யாரோ ஒரு டம்மி நம்பர் எந்த வரி என்று கேட்கிறது.

தாளைத் திரும்பவும் எடுத்தாள். விடையின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. 'கைடில் அதை எழுதியவர் அந்த நாற்காலியை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும். நன்றாகப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்தக் கவிதையில் அல்ல.'

வீட்டுக்காரர் போனபிறகு தம்பி வந்தான், உறவுக்காரர்கள் வந்தார்கள், கல்லூரியிலிருந்து மாலையோடு வந்தார்கள். எல்லோரும் தைரியமாக இரு என்றார்கள். நீ எதைப் பார்த்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குழு அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

கணக்குப் பார்த்தால் விஷயம் சுலபம். மற்றக் கேள்விகளில் அந்தப் பிள்ளை சுமார்தான், மொத்தம் முப்பத்துமூன்று. பாஸுக்கு நாற்பது. சோடாபுட்டி சார் போட்டபடி விட்டால் முப்பத்தைந்து, ஃபெயில். பத்துக்குப் பத்து போட்டால் நாற்பத்துமூன்று. பச்சைப் பேனாவால் பத்து போட்டாள். இரண்டு பேருக்கும் எட்டு மார்க் வித்தியாசம் வந்ததால் தாள் சீஃபிடம் போனது. சீஃப் இரண்டு பேரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

சோடாபுட்டி சார் விடைக்குறிப்பைத் தட்டிக் காட்டினார். நாற்காலியே இல்லை என்கிற பையனுக்குப் படிமத்தில் நாலு மார்க்கா? இது என்ன கூத்து? குழு அம்மா, கவிதையில் நாற்காலி கிடையாது என்றாள். சீஃப் வழுக்கையைத் தடவிக்கொண்டு ஹாலைப் பார்த்து, யாரிடமாவது கவிதை இருக்கிறதா என்று கேட்டார். இருபத்துநாலு ஆசிரியர்கள். ஒருவரிடமும் இல்லை. நாற்காலி உண்டா இல்லையா என்று கேட்டார். எல்லோரும் உண்டு என்றார்கள். ஒரு பெண்மணி அது தேக்கு மரம் என்றுகூடச் சொன்னாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நூலகம் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. கட்டு மதியம் பன்னிரண்டரைக்கு வண்டியேறிவிடும், நாளைக்குப் புத்தகம் கொண்டுவந்து காட்டுவதற்குள் மார்க் பதிவாகிவிடும். சீஃப் மோசமானவர் இல்லை, அவசரத்தில் இருந்தார். உங்கள் ஒருத்தர் ஞாபகத்தை நம்பி நான் எப்படி விடைக்குறிப்பை மாற்றுவது மேடம், ஆதாரம் ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு மார்க்தான் என்றார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே கேள்வி வந்திருந்தது. நாற்காலியைப் பற்றி மூச்சுவிடாத ஒரு விடைக்கு அன்று பூஜ்யம் போட்டது யார்? இவளேதான். அந்தக் கையெழுத்துகூட இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

சாப்பாட்டு அறைக் கதவு அங்கிருந்தே தெரிந்தது. அடுக்கு மேடம் கைப்பையோடு உள்ளே போவதைப் பார்த்தாள். பன்னிரண்டு மணி, இடம் பிடிக்கிற நேரம். வாயைத் திறந்தால் அந்த இடம் போய்விடும். நாலு வருஷம் என்று விரல் விட்டு எண்ணியதும் போய்விடும். பேசாமல் போய் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நாலு தரம் படித்தது தப்பு என்று மட்டும் அதற்குத் தெரியும்.

"ஆதாரம் இருக்கு சார்," என்றாள் குழு அம்மா. "அந்த நாற்காலியை எழுதினது நான்தான். அந்தக் கைடு என்னோடது."

சோடாபுட்டி சார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். சுற்றிலும் பேனாக்கள் நின்றுவிட்டன. சீஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்கு இன்று காது கொஞ்சம் அடைத்திருக்கிறது, நீங்கள் சொன்னது விழவில்லை, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த மனிதர் தன்னால் ஆனதைச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குழு அம்மா ஒரு வெள்ளைத் தாளை அவர் மேசையிலிருந்தே உருவி, அதையே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை கை கூசவில்லை. பதிப்பகத்துக்கும் இன்றைக்கே எழுதிவிடுவதாகச் சொன்னாள், அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி.

சீஃப் தாளை வாங்கிப் படித்தார்.

"இருபது வருஷமா பாடம் நடத்தினவங்க நீங்க. இல்லாத நாற்காலி எங்கேருந்து மேடம் வந்தது?"

"எங்க வீட்லேருந்து சார்," என்றாள். "அவர் உக்காந்திருந்தது."

சோடாபுட்டி சார் தன் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு தானாகவே குனிந்து 'கவிதையைப் படிக்கவில்லை' என்று எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். நாற்காலி எழுதாதவர்களுக்கும் மார்க் உண்டு என்று சீஃப் விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். சட்டப்படி நீங்கள் இப்போதே கிளம்ப வேண்டும் என்று அவளிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கையில் இருக்கும் தாளை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள்.

குழு அம்மா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பச்சைப் பேனாவால் நாலு, நாலு, இரண்டு என்று மறுபடி தெளிவாகப் போட்டாள். கூட்டிப் பார்த்தாள், நாற்பத்துமூன்று. எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளவும் கூடாது. தாள் இனி ஒரு கிடங்குக்குப் போகும், கொஞ்ச வருஷம் கழித்து அரைத்துக் கூழாக்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளை இதைத் திரும்பப் பார்க்கப்போவதே இல்லை. எழுதியவர் அந்த நாற்காலியை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும் என்ற வரிக்கு மார்க் எதுவும் கிடையாது. அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பச்சையில் ஒரு டிக் போட்டாள். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு அங்கே அனுமதித்திருந்தது அவ்வளவுதான்.

தன் டப்பாவை எடுக்கச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். யாரும் வரவில்லை, இன்னும் மணி ஆகவில்லை. நீள மேசை, வரிசையாக நாற்காலிகள். ஜன்னல் பக்கம் மூன்றாவது நாற்காலியில் அடுக்கு மேடத்தின் கைப்பை பத்திரமாக இடம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு வருவாள், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள், யாராவது உட்கார வந்தால் விரட்டுவாள். இன்றைக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனாலும் அவளைத் தெரியாதா, நாளைக்கும் பழக்க தோஷத்தில் பையை வைப்பாள். பையை எடுத்தபிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

அது எப்படி இருக்கும் என்று குழு அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த நாற்காலியைத் தூக்கி, சத்தம் வராமல், சுவரோரம் மற்ற நாற்காலிகளோடு அடுக்கினாள். மேசையில் இடைவெளி தெரிந்தது. பக்கத்து இரண்டு நாற்காலிகளையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி அதையும் மூடினாள். தள்ளி நின்று ஒருதரம் பார்த்தாள். அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.